ஆப்பு இல்லாத ரம்பம்

எனது மேற்பார்வைக்கு உட்பட்ட கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, சில ஆண்டுகளுக்கு முன் தனக்கெனத் தச்சுக் கொட்டகை ஒன்றை நிறுவிற்று. அதற்குக் காரணம் நியாயமானதே. தறிச் சட்டமோ, மிதிகட்டையோ, படமரமோ பழுதுற்றால் நகரத்துப் பட்டறைக்குத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. அது திரும்பி வரும்வரை தறி சும்மா கிடந்தது. நெசவாளி வீட்டு அடுப்பும் அதனுடன் சேர்ந்து கிடந்தது. அண்டையிலிருந்த விவசாயிகள் சங்கத்துக்கோ மாம்பழமும் எலுமிச்சையும் அனுப்பும் பெட்டிகளுக்குப் பலகை தேவைப்பட்டது. இரு சங்கத்தாரும் கலந்து பேசி, மின்சார மேஜை ரம்பம் ஒன்று வாங்குவதெனத் தீர்மானித்தனர். மேஜையின் நடுவிலுள்ள பிளவின் வழியே வட்டமான ரம்பத் தகடு தலை நீட்டிச் சுழல, பலகையை அதை நோக்கித் தள்ளி அறுக்கும் யந்திரமே அது.

தீர்மானம் நிறைவேறிய கூட்டத்தில் நானும் இருந்தேன். யந்திரம் செய்து தருபவர் அனுப்பிய விலைப்பட்டியலில், அடிப்படை யந்திரத்துக்குக் கீழே மூன்று இனங்கள் தனியாகக் குறிக்கப்பட்டிருந்தன: பிளவுக் கத்தியும் மேல்மூடியும், சீப்புப் பலகை இரண்டு, மோட்டாருக்கான ஸ்டார்ட்டர். மூன்றும் சேர்ந்து மொத்த விலையில் அரைக்கால் பங்குகூட ஆகவில்லை. "இவை இல்லாமல் ரம்பம் ஓடாதா?" என்று அங்கத்தினர் ஒருவர் வினவினார். ஓடும் என்று பதில் வந்தது. மூன்று இனங்களும் அடிக்கப்பட்டன. அவ்வாண்டின் ஆய்வுக் குறிப்பில், "யந்திரக் கொள்முதலில் சங்கம் காட்டிய சிக்கனம் பாராட்டத்தக்கது" என்று எழுதியவன் நானே.

ஓராண்டு நிறைவதற்குள், தறிச் சட்டத்துக்காக வேப்பம் பலகை ஒன்றை நெடுக்காக அறுத்துக்கொண்டிருந்த ஆசாரியார், வலக்கரத்தில் இரண்டு விரல்களை இழந்தார். பலகை பின்னோக்கிப் பறந்து கொட்டகையின் கல்நார்த் தகட்டைப் பிளந்துகொண்டு வெளியே விழுந்ததாம். நடவடிக்கைப் புத்தகத்தில் "ஆசாரியின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து" என்று பதிவாயிற்று. அச்சொல்லைக் காரணமாகக் காட்டியே அவருக்குத் தருவதாக இருந்த உதவித்தொகையும் குறைக்கப்பட்டது. அப்பதிவின் கீழ் எனது கையொப்பமும் உண்டு.

பின்னர் அவரை அவரது இல்லத்தில் கண்டேன். வயதில் என்னைவிட இருபது ஆண்டு மூத்தவர். முப்பது ஆண்டுகளாக உளி பிடித்தவர். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் கூறியதை அவர் சொற்களிலேயே தருகிறேன்: "கவனமாத்தான் இருந்தேன் ஐயா. மரம் தகட்டைக் கவ்விடுச்சு. கைவாளால நெடுக்க அறுக்கிறப்ப, வாய் மூடிக்காம இருக்க ஆப்பு வைப்போம். மெசினுக்கு ஆப்பு எங்கே ஐயா?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. கணக்கும் சட்டமும் படித்தவனுக்கு மரத்தின் குணம் தெரிந்திருக்க நியாயமில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பின்னர் தேடிப் படித்தும், நல்ல பட்டறைகளில் நின்று பார்த்தும் அறிந்தபோதுதான், ஆசாரியார் கேட்ட ஆப்பு விலைப்பட்டியலிலேயே இருந்தது என்பதும், அதைப் பிடுங்கியவர்கள் நாங்களே என்பதும் விளங்கின. ஆப்பசைத்த குரங்கின் கதையைப் பாலபாடத்தில் படித்தவர்களே எல்லோரும்.

ரம்பத் தகடு சுழலும் விதத்தை முதலில் கவனிக்க வேண்டும். யந்திரத்தின் முன் நிற்பவருக்கு அருகிலுள்ள பற்கள் மேலிருந்து கீழ்நோக்கி இறங்குகின்றன. இவை பலகையை மேஜையோடு அழுத்துகின்றன. ஆகவே முன்பக்கத்தில் பலகை அடங்கி நிற்கிறது. ஆனால் அதே தகட்டின் பின்பக்கத்துப் பற்கள் கீழிருந்து மேல்நோக்கி எழுந்து, மேலே வந்ததும் நிற்பவரை நோக்கி ஓடி வருகின்றன. அறுபட்ட பலகை இந்தப் பின்பற்களைத் தொடாதவரை தொல்லை இல்லை. தொட்டுவிட்டால், அவை பலகையைத் தூக்கி, நிற்பவர்மீதே எறிகின்றன. இதனை ஆங்கிலத்தில் கிக்பேக் என்பர். நாம் எதிரெறிவு எனலாம்.

எறியும் வேகம் எத்தகையது என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். 250 மில்லிமீட்டர் விட்டமுள்ள தகடு நிமிஷத்துக்கு 2,880 சுற்றுச் சுழல்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றில் பல்லின் நுனி ஏறத்தாழ 78 சென்டிமீட்டர் செல்கிறது. வினாடிக்கு 48 சுற்று. ஆக வினாடிக்கு 37 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு 135 கிலோமீட்டர். கண்ணால் கண்டு கையை இழுத்துக்கொள்ள மனிதனுக்கு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கேனும் வேண்டும். அதற்குள் பல்லின் நுனி ஏழு மீட்டர் கடந்துவிடுகிறது. அனுபவசாலி உஷாராக இருந்தால் தப்பித்துக்கொள்வார் என்று சொல்வது இக்கணக்கின் முன் நிற்காது. எதிரெறிவு தொடங்கிய பின் செய்வதற்கு ஒன்றுமில்லை. தொடங்காதபடி முன்னரே செய்து வைக்க வேண்டும்.

பலகை பறந்து வந்து மார்பிலோ வயிற்றிலோ தாக்குவதே ஆபத்து என்று பலர் எண்ணுகின்றனர். அது உண்மைதான், ஆயினும் அது பாதியே. ஆசாரியார் தம் வலக்கரத்தால் பலகையை முன்னோக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். பலகை கண்ணிமைக்கும் நேரத்தில் கையின் கீழிருந்து மறைந்தது. தள்ளிய வேகத்தில் வெறுங்கை தகட்டின்மீது விழுந்தது. விரல்கள் தகட்டைத் தேடிச் செல்லவில்லை; பிடித்திருந்த பொருள் போனமையால் விழுந்தன. இதற்குக் கவனக்குறைவு என்று பெயரிட்ட எங்களுடைய தமிழறிவை என்னென்பது!

பலகை பின்பற்களை ஏன் தொடுகிறது? முதற்காரணம் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. காற்றுக்கும் வெயிலுக்கும் சாய்ந்து வளர்ந்த மரம், தன் எடையைத் தாங்க உள்ளே இழுவிசையைச் சேர்த்து வைத்திருக்கும். பலகையாகக் கிடக்கும்வரை அது வெளிப்படுவதில்லை. நெடுக்காக அறுக்க அறுக்க, இரு பாதிகளும் விலகி வளையலாம். அல்லது ஒன்றையொன்று நெருங்கி, அறுத்த வாயை மூடித் தகட்டைக் கவ்வலாம். சரியாக உலராத மரமும், நார் முறுகிய மரமும் இவ்வாறு செய்யும். நமது கொட்டகைகளுக்கு வருவது பெரும்பாலும் அளவெடுத்துத் தேர்ந்த தேக்கு அன்று. வரப்போரத்து வேம்பு, கிணற்றடிப் பூவரசு, புயலில் சாய்ந்த மா ஆகியனவே வருகின்றன. விவசாய அன்பர்கள் தம் மரத்தைக் கொணரும்போது, அது நேராக நின்றதா, சாய்ந்து நின்றதா, வெட்டி எத்தனை மாதமாயிற்று என்பதைச் சொல்லிவிட்டால் அறுப்பவருக்குப் பேருதவி. வேலியில் நின்ற மரமாயின் முள்கம்பியும், சாலையோரத்து மரமாயின் விளம்பரத் தகட்டு ஆணியும் உள்ளே புதைந்திருக்கக்கூடும். அவற்றையும் சொல்லவேண்டும்.

கவ்வும் மரத்துக்கு மாற்றே பிளவுக் கத்தி. ஆசாரியார் கேட்ட ஆப்பு இதுதான். தகட்டுக்கு நேர் பின்னால், அதே கோட்டில், செங்குத்தாக நிற்கும் எஃகுத் தகடு அது. அறுத்த வாய்க்குள் நுழைந்து, பாதிகள் மூடாதவாறு காக்கிறது. கைவாளுக்கு வைக்கும் ஆப்பை ஒவ்வொரு முழத்துக்கும் நகர்த்த வேண்டும். இதுவோ எப்போதும் தன் இடத்திலேயே நிற்கிறது. பலகை பக்கவாட்டில் நழுவிப் பின்பற்களில் உரசுவதையும் இதுவே தடுக்கிறது. இதன் பருமன் ரம்பத் தகட்டின் உடலைவிடச் சற்று மிகுந்தும், பற்கள் அறுக்கும் வாயைவிடச் சற்றுக் குறைந்தும் இருக்க வேண்டும். தகட்டின் உடல் 2 மில்லிமீட்டரும் அறுவாய் 3 மில்லிமீட்டரும் ஆனால், இரண்டரை மில்லிமீட்டர்க் கத்தி பொருந்தும். முன்விளிம்பு தகட்டின் வளைவை ஒட்டி வளைந்து, பற்களிலிருந்து 10 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் நிற்க வேண்டும். அசைந்தால் பயனில்லை. தகட்டை ஏற்றி இறக்கும் அமைப்போடு சேர்த்தே இதைப் பொருத்திவிட்டால், எந்த உயரத்திலும் இடைவெளி மாறாதிருக்கும். கோடு தவறாமல் பொருத்தத் தெரிந்த எந்த லேத்துப் பட்டறையும் இதனைச் செய்து தரும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. வட்ட ரம்பத்துக்கு இங்கிலாந்தில் சாமுவேல் மில்லர் என்பவர் 1777-ல் காப்புரிமை பெற்றார். அந்நாட்டில் 1922-ல் வெளியான மரவேலை யந்திர விதிகளே பிளவுக் கத்தியைக் கட்டாயமாக்கின. நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தை ஒட்டி மாநிலங்கள் வகுத்த விதிகளில் பிளவுக் கத்தியும் தள்ளுகோலும் இடம்பெற்றன. ஆனால் மின்சக்தி பயன்படுத்துமிடத்தில் பத்துப் பேரேனும் வேலை செய்தால்தான் அச்சட்டத்தின் கண்ணில் அது தொழிற்சாலையாக இருந்தது. ஆசாரியார் ஒருவரும் கையாள் ஒருவரும் உள்ள கொட்டகையை எந்தத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார்? வந்து பார்க்கக் கடமைப்பட்டவன் கூட்டுறவு இன்ஸ்பெக்டராகிய நான். நானோ கணக்கை மட்டும் பார்த்தேன்.

இரண்டாவது காரணம் அணைச்சட்டம். பலகை ஓரமாக ஒட்டிச் செல்வதற்கு மேஜையின் வலப்புறம் பூட்டும் நேர்சட்டத்தை இங்ஙனம் குறிக்கிறேன். பட்டறைகளில் கைடு என்பர். இது ரம்பத் தகட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். படமரமும் பாவு உருளையும் இணையாக நில்லாவிடில் துணி எவ்வாறு கோணும் என்பதை நெசவாளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே துணி கோணும். இங்கே அணைச்சட்டத்தின் பின்முனை தகட்டை நோக்கி மயிரிழை சாய்ந்திருந்தாலும், பலகை முன்னேற முன்னேற நெருக்குண்டு பின்பற்களில் போய் முட்டும். இதைச் சோதிக்க, யந்திரத்தின் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒரு பல்லில் சுண்ணாம்பு அடையாளமிட்டு, அது முன்பக்கம் நிற்கையில் அணைச்சட்டத்துக்குள்ள தூரத்தை அளக்க வேண்டும். பிறகு தகட்டைக் கையால் சுழற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொணர்ந்து மீண்டும் அளக்க வேண்டும். இரு அளவும் ஒன்றாக இருத்தல் நன்று. பின்பக்கம் ஒரு தபால் அட்டைப் பருமன் கூடுதலாக இருப்பினும் குற்றமில்லை. குறைவாக மட்டும் இருத்தலாகாது. விறைப்புள்ள மரத்தை அறுக்கும்போது, தகட்டின் நடுப்பகுதியோடு முடியும் குட்டையான மரச்சட்டம் ஒன்றை அணைச்சட்டத்தில் பொருத்திக்கொண்டால், அறுபட்ட பாதி விலகிச் செல்ல இடம் கிடைக்கும்.

மூன்றாவது காரணம் பழக்கத்தில் வருவது. குறுக்காகத் துண்டு போடும்போதும், ஒரே அளவில் வரவேண்டுமென்று பலகையின் நுனியை அணைச்சட்டத்தில் முட்டக்கொடுத்துத் தள்ளுகின்றனர். பழப்பெட்டிக்குப் பலகை அறுக்குமிடத்தில் இதை நாள்தோறும் கண்டேன். அறுபட்ட சிறு துண்டு தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே அகப்பட்டுத் திரும்பினால், கவண்கல்போல் வரும். குறுக்கறுப்புக்கு அணைச்சட்டத்தை அப்புறப்படுத்திவிட்டு, மேஜைப் பள்ளத்தில் ஓடும் கோணச்சட்டத்தையே பயன்படுத்த வேண்டும். அளவு ஒன்றாக வேண்டுமாயின் அக்கோணச்சட்டத்திலேயே ஒரு முட்டுக்கட்டை அடித்துக்கொள்ளலாம். எந்தத் துணையுமின்றிக் கோடு பார்த்து வெறுங்கையால் பலகையைத் தள்ளுவது எக்காலத்தும் கூடாது. வளைந்த பலகையை ஒரு முகமும் ஓர் ஓரமும் இழைத்து நேராக்கிய பின்னரே ரம்பத்துக்குக் கொணர வேண்டும். மேஜைமீது ஆடும் பலகை அறுபடும்போதும் ஆடும்.

தகடு மழுங்கியிருந்தால் அறுப்பவர் பலங்கொண்டு தள்ளுகிறார், கை நழுவுகிறது. தீட்டும் கூலியை மிச்சம் பிடிப்பது வீண். நெடுக்கறுப்புக்குப் பற்கள் குறைந்த தகடு, குறுக்கறுப்புக்குப் பற்கள் நிறைந்த தகடு என இரண்டு வேண்டும். தகட்டின் உயரம், பற்களின் அடிப்பள்ளம் பலகையின் மேல்மட்டத்தைச் சற்றே தாண்டும் அளவு இருந்தால் போதுமானது.

நிற்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தகட்டின் நேர்கோட்டில் நிற்பவரே அடிபடுகிறார். ஓரடி இடப்புறம் விலகி நிற்பதற்குச் செலவு ஏதுமில்லை. பலகையின் பின்முனை தகட்டை நெருங்கும்போது கையை எடுத்துவிட்டுத் தள்ளுகோலால் தள்ள வேண்டும்; பலகை தகட்டையும் பிளவுக் கத்தியையும் முழுதும் கடக்கும்வரை தள்ளுவதை நிறுத்தலாகாது. பாதியில் விட்டகன்றால் பலகை அநாதையாகிறது. அநாதைப் பலகை எதிரெறியும். தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை, மோதிரம், மணிக்கட்டுக் கயிறு, கையுறை ஆகியன யந்திரத்தின் அருகே வரக்கூடாது. கையுறை காப்பு என்று நினைப்பார்கள். சுழலும் பல் கையுறையின் நூலைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுத்துச் செல்லும். கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அவசியம்.

நமது கொட்டகைகளில் பின்பக்கம் நின்று பலகையை வாங்கிக்கொள்ள ஒரு பையனை நிறுத்துவது வழக்கம். பெரும்பாலும் நெசவாளி வீட்டுப் பிள்ளை. அவன் ஆர்வத்தால் பலகையைப் பிடித்து இழுக்கிறான். இழுத்தால் பலகை கோணும். கோணினால் பின்பற்களில் உரசும். அப்போது ஆபத்து அவனுக்கும் முன்நிற்பவருக்கும் சேர்ந்தே வரும். அவன் கீழிருந்து தாங்கலாம், இழுக்கலாகாது. பையனைவிட, மேஜை மட்டத்துக்கு ஒரு முக்காலி மேல் என்பது என் கருத்து. முக்காலிக்கு விரல் இல்லை.

ஸ்டார்ட்டரை ஏன் அடித்தோம் என்று இப்போதும் வருந்துகிறேன். சாதாரண ஸ்விட்சு போட்ட ரம்பம் ஓடிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நிற்கிறது. அறுத்தவர் ஸ்விட்சை மறந்து பலகையை எடுக்கக் குனிகிறார். மின்சாரம் திரும்புகிறது, ரம்பமும் தானே ஓடத் தொடங்குகிறது. நல்ல ஸ்டார்ட்டரோ மின்சாரம் நின்றவுடன் விடுபட்டு, பச்சைப் பொத்தானை மீண்டும் அழுத்தும்வரை அசையாது. மும்முனை மின்சாரமுள்ள இடங்களில் பழுதுபார்ப்பவர் கம்பிகளை இடம் மாற்றிப் பூட்டிவிட்டால் மோட்டார் தலைகீழாகச் சுழலும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பழுது பார்த்த பிறகு, பலகை வைக்காமல் ஒருமுறை ஓட்டித் திசை பார்ப்பது நலம்.

அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்னும் பௌதிக அறிஞர் 1999-ல் வடிவமைத்த உபாயம் ஒன்றைப் பற்றி அன்பர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். தகட்டில் சிறு மின்குறிப்பு ஓடுகிறது. மனிதத் தோல் பட்டவுடன் அக்குறிப்பு மாறுவதை யந்திரம் உணர்ந்து, அலுமினியக் கட்டை ஒன்றைப் பற்களில் பாய்ச்சித் தகட்டை ஆயிரத்தில் ஐந்து வினாடிக்குள் நிறுத்திவிடுகிறது. விரலில் கீறலோடு போகிறது. வியக்கத்தக்கதே. ஆனால் விலை மிகுதி. ஒருமுறை வேலை செய்தால் தகட்டையும் கட்டையையும் மாற்ற வேண்டும். ஈரமரத்தைத் தோலென்று எண்ணி நின்றுவிடுவதும் உண்டு. எதிரெறிவையோ அது தடுப்பதில்லை. பறக்கும் பலகை பறக்கத்தான் செய்யும். அத்தகைய யந்திரத்திலும் பிளவுக் கத்தி உண்டு என்பதைக் கவனிக்க.

எல்லாம் செய்தும் விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்பதும் கொட்டகைச் சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைக்க வேண்டும். துண்டான விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, நீர் புகாத பையிலிட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி போட்ட நீரில் வைக்க வேண்டும். விரல் நேரே பனிக்கட்டியில் படலாகாது. காலம் கடத்தாமல், ஒட்டவைக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைச் சிகிச்சைக்கென்றே துறை உண்டு. எங்கள் ஆசாரியாரின் விரல்களை மறுநாள்தான் மரத்தூளில் தேடி எடுத்தார்கள்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை வைக்குமாறு கேட்டுக்கொண்டேன். விடுபட்ட மூன்று இனங்களையும் வாங்குவது ஒன்று. நடவடிக்கைப் புத்தகத்திலுள்ள "கவனக்குறைவு" என்னும் சொல்லை நீக்கி, "யந்திரத்தில் பிளவுக் கத்தி பொருத்தப்படாமையால்" என்று திருத்தி, குறைத்த தொகையைக் கொடுப்பது மற்றொன்று. முதலாவது உடனே நிறைவேறிற்று. இரண்டாவதற்கு இரண்டு கூட்டங்கள் பிடித்தன. சங்கத்தின்மீது பழி வருமே என்றனர் சிலர். பழியில் பாதி என்னுடையது என்று கூறி, எனது பழைய பாராட்டுக் குறிப்பைப் படித்துக் காட்டிய பின்னரே கைகள் உயர்ந்தன.

இப்போது ஆய்வுக்குச் செல்லும்போது பேரேட்டைத் திறப்பதற்கு முன் கொட்டகைக்குள் போகிறேன். சென்ற முறை ஆசாரியார் அங்கே இருந்தார். எஞ்சிய மூன்று விரல்களால் சுண்ணாம்புத் துண்டைப் பிடித்து, பையன் ஒருவனுக்கு எந்தப் பல்லில் அடையாளமிட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார். தள்ளுகோல் சுவர் ஆணியில் அழகாகத் தொங்கும் என்று எதிர்பார்த்தேன். அது மேஜைமீது கிடந்தது. அதன் நுனியில் பற்களின் தடம் நாலைந்து இடங்களில் ஆழமாகப் பதிந்திருந்தது. "புதுசு ஒண்ணு வெட்டணும் ஐயா" என்றார் ஆசாரியார்.